ஆப்பிரிக்காவுக்கு மருந்துப் பெட்டி: அனுப்பும் முன் கேட்போம்

கிழக்கு ஆப்பிரிக்காவின் சிற்றூர் ஒன்றில் கிறிஸ்தவ மிஷன் நடத்தும் மருத்துவமனைக்கு மருத்துவப் பொருள்களைத் திரட்டி அனுப்பும் முயற்சி ஒன்று, கேளம்பாக்கத்தில் நான் வசிக்கும் பகுதியில் அண்மையில் தொடங்கியது. சமய வேறுபாடின்றிப் பலரும் அதில் சேர்ந்தனர். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், செலவுக் கணக்கைப் பார்த்துத் தருமாறு பட்டியலை என்னிடம் கொடுத்தனர். பாதி பயன்படுத்திய மாத்திரை அட்டைகள், பழைய சக்கர நாற்காலிகள், தனியார் மருத்துவமனை ஒன்று கழித்துக்கட்டிய அல்ட்ராசவுண்ட் கருவி, ரத்தப் பரிசோதனைக் கருவி, குழந்தைகளுக்கான துணிகள் எனப் பட்டியல் நீண்டது. யார் எதைக் கொடுக்கிறார், அதன் மதிப்பு எவ்வளவு, எந்தப் பெட்டியில் அடுக்குவது என எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. அந்த மருத்துவமனை எதைக் கேட்டது என்பதற்கு மட்டும் பட்டியலில் இடமில்லை.

இந்த விடுபடல் எங்கள் பகுதிக்கு மட்டும் உரியதன்று. உலகம் முழுவதும் பொருளாகக் கொடுக்கப்படும் மருத்துவ உதவியில் மீண்டும் மீண்டும் நேரும் குறைபாடு இது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் செலுத்துவதில்லை. வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளே செலுத்துகிறார்கள். இதைப் பேசுவதற்குத் தமிழர்களுக்குத் தனித் தகுதி ஒன்று உண்டு. இன்று ஆப்பிரிக்காவின் மிஷன் மருத்துவமனைகள் நிற்கும் இடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் ஊர்கள் நின்றன. கடல் கடந்து வந்த பெட்டிகளைப் பிரித்தவர்கள் நாம்.

நாம் பெற்றவை

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். மருந்துகள் அவருக்குக் கடல்வழி வந்தன. ஆனால், அவர் விட்டுச்சென்றவற்றுள் நிலைத்தவை அந்த மருந்துகள் அல்ல. அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களுக்கு அவர் மருத்துவம் கற்பித்தார். 1860களில் தொடங்கிப் பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, வேதியியல் ஆகிய துறை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். புட்டியில் வந்த மருந்து சில மாதங்களில் தீர்ந்திருக்கும். பயிற்சி பெற்றவர்கள் ஒரு தலைமுறைக் காலம் தம் மக்களிடையே பணியாற்றினர்.

வேலூரின் கதை நம்மில் பலர் அறிந்தது. நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் எழுந்த 40 படுக்கை மருத்துவமனையில் ஐடா ஸ்கடர் 1902இல் பணியைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அக்காலத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் திருச்சபைகளின் பெண்கள் பழைய படுக்கை விரிப்புகளைப் பட்டைகளாகக் கிழித்து, சுருட்டி, கட்டுத்துணிகளாக மிஷன் மருத்துவமனைகளுக்கு அனுப்புவது வழக்கம். அந்தத் துணிச் சுருள்கள் உண்மையாகவே பயன்பட்டன. புண்ணுக்குக் கட்டுப்போடத் துணி தேவை என்பதில் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்க முடியாது. துணிக்கு உதிரி பாகம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காலாவதித் தேதியும் இல்லை.

எனினும் வேலூரை வேலூராக்கியது கட்டுத்துணி அன்று. கட்டுப்போடக் கற்ற செவிலியரும், அவரை வழிநடத்தும் மருத்துவரும், அவ்விருவரையும் ஆண்டுதோறும் உருவாக்கும் கல்விக்கூடமும்தான் அந்த வேறுபாட்டை ஏற்படுத்தின. நன்கொடையின் பெரும்பகுதி பொருளிலிருந்து கல்வியை நோக்கி நகர்ந்தபோது, ஒரு சிறு மிஷன் மருத்துவமனை நாட்டின் முன்னணி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

மிஷனரிகளின் சமய நோக்கம் குறித்து நம் நாட்டில் நெடுங்கால விவாதம் உண்டு. அது தனியே நடக்க வேண்டியது. பொருளாக வரும் உதவி எப்போது நிலைக்கிறது, எப்போது வீணாகிறது என்பதே இங்கு என் அக்கறை. அந்தக் கேள்விக்கான சிறந்த விடைகளுள் ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

திருமணியும் உசுவாகோலியும்

கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குச் சென்றால், நகரை அடுத்துத் திருமணி வரும். அங்குள்ள மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் 1955இல் உருவானது. 1924இல் நிறுவப்பட்ட லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்தை இந்திய அரசு எடுத்துக்கொண்டபோது அது பிறந்தது. அதற்கு முன்னர் அந்த இல்லத்தை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் நடத்திவந்தது. தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேன் 1930களின் நடுவில் அங்கு பொறுப்பேற்றார்; பின்னர் வேலூர் மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

அக்காலத்தில் தொழுநோய்க்குப் பெரும்பாலும் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் கதி. வலி மிகுந்த ஊசி, பலனோ ஐயத்துக்குரியது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் புரோமின் என்ற சல்ஃபோன் மருந்து பலன் தருவது தெரிந்தது. ஆனால், அதை நரம்பு வழியே தொடர்ந்து ஏற்ற வேண்டும், விலையும் அதிகம். ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகள் உள்ள செங்கல்பட்டுக்கு அது பொருந்தாது. அந்த மருந்துகளுக்கெல்லாம் மூலமான டாப்சோன் மிக மலிவானது. கறவை மாடுகளின் மடிநோய்க்குப் பயன்பட்டுவந்தது. மனிதர்களுக்கு நச்சுத்தன்மை மிக்கது என்று மருத்துவ உலகம் அதை ஒதுக்கியிருந்தது. 1940களின் பிற்பகுதியில் காக்ரேன் அதைக் குறைந்த அளவில், எண்ணெயில் கலந்து ஊசியாகச் செலுத்தினார். பலன் கிடைத்தது.

அடுத்த படி ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. ஐதராபாத் சமஸ்தானத்தின் டிச்பள்ளி மிஷன் மருத்துவமனையிலும் கல்கத்தாவிலும் பணியாற்றிய ஜான் லோவ், பின்னர் நைஜீரியாவின் உசுவாகோலிக்குச் சென்றார். அதுவும் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய தொழுநோய்க் குடியிருப்புதான். டாப்சோனை ஊசியாகக் கூடப் போட வேண்டியதில்லை, சிறு அளவு மாத்திரையாகக் கொடுத்தாலே போதும் என்று அவர் காட்டினார். அதன் பின் தொழுநோய்ச் சிகிச்சை மருத்துவமனைச் சுவரைத் தாண்டி, சைக்கிளில் செல்லும் பணியாளரின் பையில் அடங்கும் ஒன்றாயிற்று.

திருமணியிலும் உசுவாகோலியிலும் நடந்ததை ஒரு பொருளாதார மாணவர் இப்படிப் படிக்கலாம். பணக்கார நாட்டில் சிறந்தது எதுவோ அது அப்படியே பெட்டியில் ஏற்றி அனுப்பப்படவில்லை. ஏழை நாட்டின் மருத்துவமனைக்கு எது கட்டுப்படியாகும், எதை அங்குள்ள ஊழியர் கையாள முடியும் என்ற கேள்வியிலிருந்து தீர்வு தேடப்பட்டது. தேடியவர்கள் நோயாளிகளோடு வாழ்ந்தவர்கள். வெகுதொலைவிலிருக்கும் கொடையாளிக்கு எளிதில் வாய்க்காத தகவல் அவர்களிடம் இருந்தது.

கொடை சுமையாகும்போது

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கோவளம், மாமல்லபுரம் கடற்கரையையும் தாக்கியது. அதன் பின் வந்த நாள்களில் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளில் சாலையோரம் பழைய துணிகள் குவிந்து கிடந்ததை நாம் கண்டோம். கிழிந்தவையும் துவைக்காதவையும் அவற்றில் இருந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தன. சிலர் அதை நன்றி மறத்தல் என்றுகூடச் சொன்னார்கள். வலையும் படகும் இழந்து நின்றவர்களுக்கு, நாம் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கொடுத்துவிட்டு நன்றி எதிர்பார்த்தது நம் பிழையே அன்றி அவர்களுடையது அன்று.

அதே பேரலையால் பேரழிவுக்கு உள்ளான இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் நன்கொடையாக வந்தன. எல்லைகளற்ற மருந்தாளுநர்கள் என்ற பிரெஞ்சு அமைப்பு நடத்திய ஆய்வில், வந்தவற்றுள் சுமார் 60 விழுக்காடு அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை என்று தெரியவந்தது. பெரும்பாலானவற்றின் உறைகளில் உள்ளூர் மொழி இல்லை. சுமார் 600 டன் மருந்துகளை அழிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு போஸ்னியப் போரின்போது, 1992 முதல் 1996 வரை வந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் பயனற்றவை என மதிப்பிடப்பட்டது.

மருந்தைக் குப்பையில் கொட்ட முடியாது. உயர் வெப்ப உலையில் எரிக்க வேண்டும். அதற்கு எரிபொருளும் பணமும் வேண்டும். அதற்கு முன்பே துறைமுகக் கட்டணம், சுங்க அனுமதி, கிடங்கு வாடகை, உள்நாட்டு லாரிக் கூலி எனச் செலவுகள் தொடங்கிவிடும். ஒரு சிறு மிஷன் மருத்துவமனையின் ஒரே மருந்தாளுநர், வெவ்வேறு வணிகப் பெயர்களில் கலந்து வந்த மாத்திரைகளைப் பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, எது எந்த மருந்து என்று கண்டறிய நாள்கணக்கில் உட்கார வேண்டும். அந்த நாள்களில் மருந்து வாங்கும் சாளரத்தில் யாரும் இருக்க மாட்டார். நாம் இலவசம் என்று எண்ணியதற்கு அவர்கள் கொடுக்கும் விலை இது.

இத்தகைய அனுபவங்களின் விளைவாக 1996இல் உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளோடு இணைந்து மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. பின்னர் அவை திருத்தப்பட்டன. அவற்றின் சாரம் நான்கு. கொடை பெறுபவருக்கு இயன்ற அளவு கூடிய பலனைத் தர வேண்டும். பெறுபவரின் விருப்பத்தையும் அதிகாரத்தையும் மதிக்க வேண்டும். நமக்குத் தரமற்றது அவருக்கும் தரமற்றதே. அனுப்புவதற்கு முன்பும் பின்பும் இரு தரப்பும் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும். பொதுவாக, மருந்து சென்றடையும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மாத்திரைகளும் மருத்துவர்களுக்கு வந்த மாதிரி மருந்துகளும் கூடாது என்பதும் அவற்றின் விதி. எங்கள் பகுதிப் பட்டியலின் முதல் வரி இந்த விதியிலேயே நீங்கிவிட்டது.

ஓடாத கருவிகள்

மருந்தைவிடக் கருவிகள் சிக்கலானவை. வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் பதிவுகளைத் தொகுத்து பெர்ரி, மால்கின் ஆகிய ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சராசரியாக 38 விழுக்காட்டுக் கருவிகள் இயங்காமல் கிடப்பதாக அது கூறியது. கையாளப் பயிற்சி இல்லாமை, பராமரிப்பு ஏற்பாடு இல்லாமை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதி இல்லாமை ஆகியவையே முதன்மைக் காரணங்கள்.

ரத்தப் பரிசோதனைக் கருவியை எடுத்துக்கொள்வோம். பல கருவிகள் தத்தம் நிறுவனத்தின் வேதிப்பொருளை மட்டுமே ஏற்கும். கருவி இலவசமாக வந்தாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்த வேதிப்பொருளை வாங்க வேண்டும். அச்சுப்பொறியை மலிவாக விற்று மைப்புட்டியில் லாபம் பார்க்கும் வணிக உத்தியைப் போன்றது இது. வேதிப்பொருள் தீர்ந்த நாளில் கருவி மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் பெட்டியாகிவிடும். அமெரிக்காவில் 110 வோல்ட்டில் ஓடிய கருவி, 220 முதல் 240 வோல்ட் உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மின்மாற்றி இன்றி ஓடாது. நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். இந்தியக் கருவிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனினும் நம் உருண்டை முனைப் பிளக், கென்யாவிலும் உகாண்டாவிலும் உள்ள பட்டை முனைத் துளைகளில் நுழையாது. சிறிய செய்திதான். ஆனால், இதைக்கூட யாரும் கேட்காமல் கருவி அனுப்பப்படுகிறது என்பதுதான் பெரிய செய்தி.

எங்கள் குழு பின்னர் அந்த மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பியது. பதிலில் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பற்றி நன்றியோடு மறுப்பு இருந்தது. ஏற்கெனவே பழுதான ஒன்று அங்கு கிடக்கிறதாம். அவர்கள் கேட்டவை, அறுவைக் கருவிகளைத் தூய்மிக்கும் ஆட்டோகிளேவின் கதவுக்கான ரப்பர் வளையங்கள், கருவிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரின் பயிற்சிக் கட்டணம், மருந்து வாங்கக் கொஞ்சம் பணம். இவற்றின் மொத்தச் செலவு, நாங்கள் திட்டமிட்டிருந்த கப்பல் கட்டணத்தைவிடக் குறைவு. அந்த வளையம் தேய்ந்தால் நீராவி கசியும், அழுத்தம் ஏறாது, கருவிகள் தூய்மையாகா, அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும். ஒரு பிரசவ அறுவைச் சிகிச்சையே அந்த வளையத்தை நம்பி இருக்கக்கூடும். எங்கள் பட்டியலைத் தயாரித்தவர்கள் யாருக்கும் அப்படியொரு பொருள் நினைவில் வந்திருக்க வாய்ப்பில்லை.

விலை இல்லாத சந்தை

நல்லெண்ணம் மிகுந்தவர்கள் ஏன் இப்படித் தவறுகிறார்கள்? சந்தையில் தனக்கு வேண்டாத பொருளை வாடிக்கையாளர் வாங்க மாட்டார். விற்காத பொருள் கடைக்காரருக்கு ஒரு தகவல். அவர் அடுத்த முறை அதைக் கொள்முதல் செய்ய மாட்டார். நன்கொடையில் இந்தத் தகவல் ஓட்டம் அறுந்துவிடுகிறது. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். பெறுபவர் குறை சொன்னால் அடுத்த கொடை நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார். நன்றிக் கடிதமும் நிழற்படமும் அனுப்புகிறார். கொடுத்தவர் அதையே வெற்றிக்குச் சான்றாகக் கொள்கிறார். அடுத்த ஆண்டும் அதே பெட்டி புறப்படுகிறது.

பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்றது. பரிசு பெற்றவர்கள் அதற்குத் தரும் மதிப்பு, கொடுத்தவர் செலவிட்டதைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. ஒருவரையொருவர் நன்கு அறிந்த உறவினர், நண்பர்களுக்கிடையிலேயே இவ்வளவு இழப்பு. கடலுக்கு அப்பால், முகம் தெரியாத மருத்துவமனைக்கு அனுப்பும் பெட்டியில் இழப்பு எவ்வளவாக இருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இன்னொரு விளைவும் உண்டு. இலவசமாக வந்து குவியும் பொருள், அதை உள்ளூரில் செய்பவரின் பிழைப்பைக் கெடுக்கக்கூடும். 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்காவின் ஆடை உற்பத்தியில் ஏற்பட்ட சரிவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு, வெளிநாடுகளிலிருந்து வந்த பழைய துணிகளே காரணம் எனக் கார்த் ஃபிரேசர் 2008இல் வெளியிட்ட ஆய்வு கணித்தது. வேலைவாய்ப்பில் பாதிப்பு அதைவிடக் கூடுதல். கட்டுத்துணியோ சோப்போ படுக்கையோ அந்நாட்டிலேயே கிடைக்குமானால், அங்கு வாங்குவதே அம்மருத்துவமனைக்கும் அந்த ஊருக்கும் நல்லது.

பொருள் உதவி வென்ற இடங்கள்

இதனால் பொருளாகக் கொடுப்பதே தவறு என்று முடிவு செய்வதும் சரியாகாது. பணத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்வது பொருளாதாரப் பாடநூலுக்கு எளிது. சில மருந்துகள் எவ்வளவு பணம் இருந்தாலும் உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பதில்லை.

தொழுநோயே இதற்கும் சான்று. டாப்சோனுக்குக் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறவே, 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் 1999 வரை ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையின் நிதியாலும், 2000இலிருந்து நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கொடையாலும் அந்த மருந்துகள் உலகெங்கும் நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைத்தன. 2005 இறுதியில் இந்தியாவில் தொழுநோய், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆற்றோரக் கருப்பு ஈக்களால் பரவிப் பார்வையைப் பறிக்கும் நோய்க்கு, மெர்க் நிறுவனம் 1987 முதல் ஐவர்மெக்டின் மருந்தை ஆப்பிரிக்காவுக்கு இலவசமாக அளித்துவருகிறது.

இந்தக் கொடைகள் ஏன் வென்றன? எந்த மருந்து, எந்த அளவு என்பதைக் கொடையாளி தீர்மானிக்கவில்லை. சுகாதாரத் திட்டம் தீர்மானித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் உண்ணும்படி, மாதக் கணக்கில் அட்டையில் வரிசைப்படுத்தி மருந்து வந்தது. ஒருமுறை அனுப்பிவிட்டு நிறுத்தவில்லை, ஆண்டுதோறும் வந்தது. மருந்தைக் கொண்டுசேர்க்கவும் நோயாளியைக் கண்காணிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். கேட்டது, பொருத்தமானது, தொடர்ச்சியானது, கையாள ஆள் உள்ளது ஆகிய நான்கும் சேர்ந்தபோதுதான் பொருள் உதவி நோயை வென்றது.

பெறுவதிலிருந்து செய்வதற்கு

கொடை தன் வேலையைச் சரியாகச் செய்தால் ஒருநாள் அது தேவையற்றதாக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நம் முன்னே உள்ள எடுத்துக்காட்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கண்புரை அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் அக்காலத்தில் மேலைநாடுகளிலிருந்தே வர வேண்டும். ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். நன்கொடையாக வந்த லென்சுகள் சில ஏழைகளுக்குக் கிடைத்தன, எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இன்னும் கூடுதல் லென்ஸ் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பது ஒரு வழி. அவர்கள் செய்முறையைக் கற்றுத் தாருங்கள் என்று கேட்டார்கள். 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. பத்து டாலருக்கும் குறைந்த விலையில் லென்ஸ் உருவானது. இன்று அது ஆப்பிரிக்க நாடுகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கிறது.

அரசுத் துறையிலும் தமிழ்நாட்டிடம் ஒரு பாடம் உண்டு. 1994இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துகளை மாநிலத்துக்கே மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது, தரம் சோதிக்கிறது, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டுத் தொகை குறித்த கணக்குப் புத்தகம் உண்டு. அதற்குள் தனக்கு வேண்டியதை அம்மருத்துவமனையே கேட்டுப் பெறும். தேவையை அறிந்தவரிடமே தேர்வு இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் திருச்சபைகளும் இதே அறிவோடு செயல்பட்டுள்ளன என்பதை நாம் கவனிப்பதில்லை. உகாண்டாவில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மருத்துவ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 1979இல் கூட்டு மருந்துக் கிடங்கை நிறுவின. கென்யாவில் 1986இல் அதே போன்ற அமைப்பு தோன்றியது. நாட்டில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான மிஷன் மருத்துவமனைகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி, மொத்த விலையில் வாங்கி, தரம் பார்த்து வழங்குவது இவற்றின் பணி. நம் கட்டுமானங்களோடு ஒப்பிடத்தக்க நிறுவனங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. உதவ விரும்புபவர் அந்த மருத்துவமனையின் பெயரில் இத்தகைய கிடங்கில் பணம் செலுத்தினால், கேட்ட மருந்து கேட்ட அளவில் ஒரு வார லாரியில் போய்ச் சேரும். கப்பலும் சுங்கமும் குறுக்கிடா.

தமிழ்நாட்டிலிருந்து செய்யத்தக்கவை

முதலாவதாக, கேட்டு எழுதிய பட்டியல் இல்லாமல் எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. பட்டியலில் பொருளின் பெயர் மட்டுமின்றி, அளவு, அந்த ஊரில் அதன் விலை, பயன்படுத்துபவர் யார், பழுதானால் என்ன செய்வது என்பனவும் இருக்க வேண்டும். அங்கே மலிவாகக் கிடைப்பதைப் பணமாகவே கொடுக்கலாம்.

இரண்டாவதாக, கருவி கொடுத்தால் அதன் ஆயுளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கையேடு, உதிரி பாகங்கள், இரண்டு ஆண்டுகளுக்கான வேதிப்பொருள், பழுதுபார்ப்பவருக்குப் பயிற்சி ஆகியவை இல்லாத கருவி முழுமையான கொடை ஆகாது. நம் மருத்துவமனையில் இனி ஓடாது என்று கழித்ததை அங்கே ஓடும் என்று அனுப்புவது இரட்டை அளவுகோல்.

மூன்றாவதாக, நம்மிடம் மிகுதியாக உள்ளது எது என்று சிந்திக்க வேண்டும். செவிலியர் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளும் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை வரிசையாக உள்ளன. ஓர் ஆப்பிரிக்க மருத்துவமனையின் ஆய்வக உதவியாளரோ கருவித் தொழில்நுட்பரோ ஆறு மாதம் இங்கே தங்கிக் கற்க ஓர் இடமும் உதவித்தொகையும் அளித்தால், அவர் திரும்பிச் சென்று முப்பது ஆண்டுகள் பணியாற்றக்கூடும்.

நான்காவதாக, சட்டத்தைப் பார்க்க வேண்டும். அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், வரி அதிகாரிகளின் சிறப்பு ஒப்புதல் இன்றி அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. மருந்து ஏற்றுமதிக்கும் பெறும் நாட்டின் இறக்குமதிக்கும் தனித்தனி விதிகள் உள்ளன. இவற்றை அறியாமல் தொடங்கிய பல முயற்சிகள் துறைமுகத்தில் முடங்கக்கூடும்.

ஐந்தாவதாக, கொடுத்த பின் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, நன்றிக் கடிதத்தை அன்று, குறைகளை எழுதி அனுப்புமாறு வேண்ட வேண்டும். எது பயன்படவில்லை என்று தயக்கமின்றிச் சொன்னால் அடுத்த உதவி குறையாது, கூடும் என்று முன்கூட்டியே உறுதி அளிக்க வேண்டும். அறுந்துபோன தகவல் ஓட்டத்தை இணைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இவ்வாறு செய்தால் உதவி சிறுத்துப்போகும், நிழற்படத்துக்குப் பெரிய கொள்கலன் இருக்காது, மக்களின் ஆர்வம் வற்றிவிடும் என்ற மறுப்பு நியாயமானதே. கைப்படத் துணி சுருட்டிய பெண்களுக்கு அந்தச் செயலே ஓர் உறவாக இருந்தது. ரூபாயை வங்கி வழியே மாற்றுவதில் அந்த நெருக்கம் இல்லை. ஆனால், அந்த நெருக்கத்தைப் பொருளில் தேடுவதற்குப் பதில் கடிதத்தில் தேடலாம். ஒரு மருத்துவமனையின் தேவையை ஆண்டுதோறும் கேட்டறிந்து, அதன் ஊழியர்களின் பெயர்களை அறிந்து, அதன் இன்னலை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு தெரு, ஆண்டுக்கொரு பெட்டி அனுப்பும் தெருவைவிட அந்த மருத்துவமனைக்கு நெருக்கமானது.

மறுக்கும் உரிமை இல்லாதவருக்குக் கொடுப்பது எளிது. வேண்டாம் என்று சொல்ல இடம் தந்து, வேண்டியதைக் கேட்டறிந்து கொடுப்பதற்குப் பொறுமையும் பணிவும் வேண்டும். மானிப்பாயிலும் வேலூரிலும் திருமணியிலும் நமக்குக் கிடைத்தவற்றுள் நிலைத்தவை அப்படிக் கொடுக்கப்பட்டவையே. ஆப்பிரிக்காவின் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு நாம் அனுப்பும் உதவியும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை அங்குள்ள நோயாளிகளுக்கு உண்டு.